விளையாட்டுத் திடலின் வரவு செலவு

கல்லூரியில் சேரும்பொழுது நாம் செலுத்திய கட்டணச் சீட்டை எடுத்துப் பாருங்கள். நூலகம், ஆய்வுக் கூடம், தேர்வு, மாணவர் சங்கம் என்று வரிசையாக நிற்கும் இனங்களுக்கிடையே 'விளையாட்டு' என்றும் ஒரு வரி இருக்கும். தொகை சிறிது; ஆகவே அதைப் பற்றி எவரும் கேட்பதில்லை. ஆயினும் நூலகத்தில் நுழையாத மாணவன் அரியன். திடலில் ஒருநாளும் கால் வைக்காமலே பட்டம் பெற்றுச் செல்வோரோ மிகப் பலர். அவர்கள் கொடுத்த அந்தச் சிறு தொகை எங்கே சென்றது? எவருக்குப் பயன்பட்டது? இதனை விளக்குவதே இக் கட்டுரையின் நோக்கம்.

நான் பௌதிகம் பயில்பவன்; விளையாட்டு வீரன் அல்லன். சாலைக் கடைத்தெருவில் தங்கி, நாள்தோறும் காரியவட்டத்துக்குப் பேருந்தில் சென்று வருபவன். நெல்லையிலிருந்தும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் வந்து இத் தெருவில் கடை வைத்த நம்மவர்கள் கணக்கெழுதும் முறையைப் பக்கத்திலிருந்து பார்த்து வருகிறேன். எந்தத் தொழிலைப் பற்றியும் அவர்கள் மூன்று கேள்விகள் கேட்பார்கள். பணம் எங்கிருந்து வருகிறது? எங்கே போகிறது? எப்பொழுது வருகிறது? முதல் இரண்டு கேள்விகளை யாவரும் கேட்பர். மூன்றாவதைக் கேட்பவனே வணிகன். பல்கலைக் கழக விளையாட்டைப் பற்றியும் இம் மூன்று கேள்விகளையே கேட்டுப் பார்ப்போம்.

ஏணியின் படிகள்

முதலில் அமைப்பைத் தெரிந்து கொள்ள வேண்டும். கல்லூரிக்குள் நடக்கும் போட்டி முதற்படி. கல்லூரிகளுக்கிடையே நடப்பது இரண்டாம் படி. அங்கே திறமை காட்டியவர்களைப் பொறுக்கியெடுத்து, முகாம் நடத்திப் பயிற்சி அளித்துப் பல்கலைக் கழக அணி அமைப்பார்கள். அந்த அணி தென் மண்டலப் பல்கலைக் கழகங்களோடு மோதும். அதில் வென்றால் அகில இந்தியப் போட்டி. 1925-ஆம் ஆண்டில் தோன்றிய இந்தியப் பல்கலைக் கழகங்களின் சங்கம் இப் போட்டிகளை நடத்துகிறது. ஆண்டு முழுவதும் எல்லா ஆட்டங்களிலும் சேர்ந்து மிகுந்த வெற்றி பெறும் பல்கலைக் கழகத்துக்கு மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை வழங்கும் வழக்கம் 1956-57-இல் தொடங்கியது. அமிர்தசரஸிலுள்ள குரு நானக் தேவ் பல்கலைக் கழகம் இருபது முறைக்கு மேல் அக் கோப்பையை வென்றிருக்கிறது. இவை போதாவென்று 2020-இல் புவனேசுவரத்தில் 'கேலோ இந்தியா' பல்கலைக் கழக விளையாட்டுக்களும் தொடங்கின.

ஆக, ஒரு பல்கலைக் கழகம் ஒரே ஆண்டில் பல ஆட்டங்களுக்கு, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக, அணிகள் அனுப்ப வேண்டியிருக்கிறது. இது சிறிய செலவன்று.

வரவு

பணம் எங்கிருந்து வருகிறது? மூன்று ஊற்றுக்களைக் கூறலாம்.

முதலாவது, மாணவர் கட்டணம். கல்லூரியில் வாங்கும் விளையாட்டுக் கட்டணத்தில் ஒரு பகுதி கல்லூரியிலேயே நின்றுவிடும். மற்றொரு பகுதி பல்கலைக் கழகத்துக்குச் செல்லும். இரண்டாவது, அரசாங்கத்தின் பணம். உடற்பயிற்சி ஆசிரியர்களின் ஊதியமும், பல்கலைக் கழக மானியக் குழு ஐந்தாண்டுத் திட்டங்களின்போது திடலும் உள்ளரங்கும் கட்ட அளித்த உதவியும் இதில் அடங்கும். பன்னிரண்டாம் திட்டத்தோடு, அதாவது 2017 மார்ச்சோடு, ஐந்தாண்டுத் திட்டங்கள் என்ற முறையே முடிந்துவிட்டது. மூன்றாவது, விளையாட்டுக் கவுன்சிலின் துணை. கர்னல் கோதவர்ம ராஜா 1954-இல் திருவிதாங்கூரில் விளையாட்டுக் கவுன்சிலை நிறுவி, 1971-இல் விமான விபத்தில் மறையும் வரையில் அதற்காக உழைத்தார். அதன் வழிவந்த கேரள மாநில விளையாட்டுக் கவுன்சில், தேர்ந்தெடுத்த கல்லூரி வீரர்களுக்கு விடுதி வைத்து உணவும் பயிற்சியும் தருகிறது.

இம் மூன்றில் முதல் ஊற்றே நம் கையில் உள்ளது. மற்றவை பிறர் கையில் உள்ளவை. அந்த முதல் ஊற்று நம் பல்கலைக் கழகத்தில் எப்படிச் சுருங்கி வந்தது என்பதைக் காண வரலாற்றைச் சிறிது புரட்ட வேண்டும்.

1937-இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக் கழகமாகத் தோன்றி, 1957-இல் கேரளப் பல்கலைக் கழகமாக மாறியபொழுது, இம் மாநிலம் முழுவதும் இதன் ஆட்சியில் இருந்தது. 1968-இல் கோழிக்கோட்டுப் பல்கலைக் கழகம் பிரிந்தது. வட பகுதிக் கல்லூரிகள் அதனோடு போயின. 1983-இல் கோட்டயத்தில் ஒன்று எழுந்தது. நடுப் பகுதியும் போயிற்று. 2010-இல் மருத்துவத்துக்கும் 2014-இல் பொறியியலுக்கும் தனிப் பல்கலைக் கழகங்கள் ஏற்பட்டன. அம் மாணவர்களும் பிரிந்தனர். இவற்றைத் தவறென்று நான் கூறவில்லை. கல்வி பெருகும்பொழுது பல்கலைக் கழகங்களும் பெருகத்தான் வேண்டும். ஆனால் விளையாட்டுப் பேரேட்டில் இதன் விளைவு என்ன?

மாணவர் தொகை பாதியானால் கட்டண வரவும் பாதியாகும். கால்பந்து அணி மட்டும் ஐந்தரைப் பேராகக் குறைவதில்லை! பல்கலைக் கழகம் பெரிதாயினும் சிறிதாயினும் பதினொருவர் ஆடத்தான் வேண்டும். திடலின் நீளம் குறையாது. ரயில் கட்டணம் குறையாது. நடுவருக்குக் கொடுக்கும் தொகையும் குறையாது. வரவு மாணவர் எண்ணிக்கையைப் பின்பற்றுகிறது. செலவு ஆட்டத்தின் விதியைப் பின்பற்றுகிறது. சிறிய பல்கலைக் கழகங்களின் விளையாட்டுத் துறை எங்கும் தள்ளாடுவதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

செலவு

இனி, பணம் எங்கே போகிறது? திடலைப் பேணுதல், பந்து, மட்டை, வலை முதலிய கருவிகள், சீருடை, பயிற்சி முகாமின் உணவு, நடுவர் ஊதியம், பரிசுகள், பயணப்படி, தினப்படி எனப் பட்டியல் நீளும். இவற்றுள் கடைசி இரண்டை மட்டும் ஒரு கணக்கின் மூலம் பார்ப்போம். இவை விளக்கத்துக்காக நான் வைத்துக் கொண்ட தொகைகளே. எந்தக் கல்லூரியின் கணக்கும் அன்று.

மாணவர் ஒருவர் ஆண்டுக்கு 100 ரூபாய் கொடுக்கிறார் என்று கொள்வோம். கால்பந்து அணியில் 18 வீரர்கள். பயிற்சியாளர், மேலாளர் சேர்ந்தால் 20 பேர். போட்டி வெளி மாநிலத்தில். போக வர 7 நாட்கள். ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 600 ரூபாய் வீதம் உணவுக்கும் தங்கலுக்கும் 84,000 ரூபாய். ரயில் கட்டணம் ஆளுக்கு 1,000 ரூபாய் வீதம் 20,000. ஆக மொத்தம் 1,04,000 ரூபாய். அதாவது 1,040 மாணவர்களின் ஓராண்டுக் கட்டணம் ஓர் அணியின் ஒரே பயணத்தில் கரைந்துவிடும். முதல் ஆட்டத்திலேயே தோற்றால் அடுத்த ரயிலில் திரும்பவேண்டியதுதான்.

இதைக் கேட்டவுடன், 'அப்படியானால் அணி அனுப்புவதே வீண்' என்று சிலர் சொல்லக் கூடும். அது அவசர முடிவு. இந்நாட்டில் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு விளையாட்டு வெறும் பொழுதுபோக்கன்று. உத்தியோகத்துக்கு ஒரு வாயில். காவல் துறை, ரயில்வே, மின்சார வாரியம் ஆகியவை விளையாட்டு வீரர்களுக்கு இடமளித்து வந்திருக்கின்றன. இந்நகரிலேயே டைட்டானியம் தொழிற்சாலையும் திருவிதாங்கூர் ஸ்டேட் வங்கியும் கால்பந்து அணிகள் வைத்துப் பலருக்கு வாழ்வளித்தன. அவ் வங்கி 2017-இல் பாரத ஸ்டேட் வங்கியோடு இணைந்துவிட்டது. பல்கலைக் கழக அணியின் சான்றிதழ் இத்தகைய வாயில்களின் திறவுகோல். அதைப் பெறும் வாய்ப்பை மூடிவிட்டுப் பணத்தை மிச்சம் பிடித்தோம் என்று மகிழ்வதில் பொருளில்லை.

எனினும், எல்லோரும் கொடுத்த பணம் சிலருக்கு மட்டும் செல்லும்பொழுது, கொடுத்த மற்றவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்பதும் நியாயமே.

பெரிய அரங்கு, சிறிய பேரேடு

'நமக்கென்ன குறை? காரியவட்டத்தில் உலகமே வியக்கும் அரங்கு இருக்கிறதே!' என்று நண்பர் ஒருவர் கேட்டார். உண்மைதான். 2015-இல் நடந்த 35-ஆவது தேசிய விளையாட்டுக்களுக்காக எழுப்பப்பட்ட கிரீன்ஃபீல்டு அரங்கு, நம் பல்கலைக் கழகத்தின் 36 ஏக்கர் நிலத்தில்தான் நிற்கிறது. ஆனால் நிலம் குத்தகைக்கு விடப்பட்டது. காலம் 15 ஆண்டுகள். தனியார் நிறுவனம் ஒன்று தன் பொறுப்பில் கட்டி, நடத்தி, குறித்த காலத்துக்குப்பின் திருப்பித் தருவது என்ற முறையில் அது அமைந்தது. அந் நிறுவனத்தின் தாய் நிறுவனம் 2018-இல் கடன் சுமையால் நிலைகுலைந்ததும், அரங்கின் பராமரிப்பு பெரும் கேள்வியாகியதும் நாடறிந்த செய்தி.

2023 ஜனவரி 15-இல் அங்கே இந்தியா இலங்கையை 317 ஓட்டங்களால் வென்றது. ஒருநாள் கிரிக்கெட்டில் அதுவரை எந்த நாடும் அவ்வளவு பெரிய வெற்றி பெற்றதில்லை. அப்படியிருந்தும் அன்று இருக்கைகளில் பெரும்பகுதி காலியாகக் கிடந்தது. அதே அரங்கில் நம் கல்லூரி மாணவர் எத்தனை பேர் ஓடிப் பழகினர்?

குத்தகை வாடகை பல்கலைக் கழகத்தின் பொது வரவில் சேரும். நுழைவுச் சீட்டின் பணம் பல்கலைக் கழகத்தின் விளையாட்டுக் கணக்கில் சேராது. கடைக்காரன் தன் மனையை வாடகைக்கு விட்டால் வாடகை மட்டுமே அவனுடையது. அங்கே நடக்கும் வியாபாரத்தின் லாபம் அவனுடையதன்று. பாளையத்திலுள்ள நம் பழைய பல்கலைக் கழக விளையாட்டரங்கிலும் 1984-இலும் 1988-இலும் உலக அணிகள் கிரிக்கெட் ஆடின. முதல் ஆட்டத்தை மழை கெடுத்தது. இரண்டாவதில் நம் சென்னை ஸ்ரீகாந்த் சதமடித்தும் மேற்கிந்தியர் வென்றனர். அவை இனிய நினைவுகள். ஆயினும் நினைவுகள் வலை வாங்கித் தருவதில்லை. பெரிய அரங்கு நம் நிலத்தில் இருப்பது வேறு. நம் மாணவர் விளையாடுவது வேறு.

பிறர் கண்ட வழிகள்

பல்கலைக் கழக விளையாட்டு பெரும் தொழிலாகவே வளர்ந்துவிட்ட நாடு அமெரிக்கா. அங்கே 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக் கொண்ட ஓர் உடன்பாட்டின்படி, ஒரு பல்கலைக் கழகம் தன் வீரர்களுக்கு முதலாண்டில் ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை நேரடியாகப் பங்கிட்டுக் கொடுக்கலாம். அது பெரியவர்களின் பந்தயம். சிறியவர்களுக்குப் பாடம் வேறிடத்தில் இருக்கிறது.

சிக்காகோப் பல்கலைக் கழகத்தை எடுத்துக் கொள்வோம். அமெரிக்கக் கால்பந்தில் ஒரு காலத்தில் அது முன்னணியில் நின்றது. அந்நாட்டுக் கல்லூரி வீரர்களுக்குரிய தலைசிறந்த பரிசை 1935-இல் முதன்முதல் பெற்றவர் அங்கே படித்த ஜே பெர்வாங்கர். ஆனால் நான்கே ஆண்டுகளில், 1939-இல், தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ், கல்வி நிலையத்தின் வேலை கல்வியே என்று கூறி, அவ்வாட்டத்தையே நிறுத்திவிட்டார். ஆளில்லாத அந்த அரங்கின் மேற்குப் படிகளுக்கு அடியிலிருந்த ஆட்டக் கூடத்தில்தான் 1942 டிசம்பர் 2-ஆம் நாள் என்ரிக்கோ ஃபெர்மி குழுவினர் உலகின் முதல் அணு உலையை இயக்கினர். பௌதிக மாணவனாகிய நான் இதைக் கேட்டு மகிழ வேண்டியவன்! ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1969-இல் கால்பந்து அங்கே மீண்டும் வந்தது. இம்முறை விளையாட்டுக்கென்று உதவிச் சம்பளம் கொடுக்காத சிறிய பிரிவில் அது ஆடுகிறது. ஆட்டம் இல்லாமல் இருக்கவும் முடியவில்லை. அதற்கு விலையாகிவிடவும் விரும்பவில்லை. நடுவழி ஒன்றை அவர்கள் கண்டனர்.

அட்லாண்டா நகரிலுள்ள ஸ்பெல்மன் மகளிர் கல்லூரி வேறொரு வழி கண்டது. அங்கே 2,100 மாணவியர். அணிகளில் ஆடியவர் ஏறத்தாழ 80 பேர். அந்த எண்பதின்மருக்காக ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் டாலர் செலவாயிற்று. 2012-இல் கல்லூரித் தலைமை போட்டி அணிகளைக் கைவிட்டு, அப் பணத்தை எல்லா மாணவியரின் உடல் நலத்துக்கும் திருப்புவதாக அறிவித்தது. நடை, நீச்சல், உடற்பயிற்சி என எல்லோரும் பங்கு கொள்ளும் ஏற்பாடு.

இவற்றுள் எது நமக்குப் பொருந்தும்? ஸ்பெல்மனைப் போல் அணிகளைக் கலைத்தால், உத்தியோக வாயில் ஒன்று ஏழைகளுக்கு மூடிவிடும். அங்குள்ள நிலை வேறு, இங்குள்ள நிலை வேறு. ஆனால் அவர்கள் கேட்ட கேள்வி நமக்கும் உரியது. நம் சகோதரிகளில் எத்தனை பேர் வாரத்தில் ஒரு மணி நேரமேனும் திடலில் கால் வைக்கின்றனர்? பந்து ஒன்றும் வலை ஒன்றும் மாலையில் திறந்திருக்கும் திடல் ஒன்றும் இருந்தால், ஓர் அணியின் பயணச் செலவில் சிறு பகுதிக்குள்ளேயே நூற்றுக்கணக்கானவர் விளையாடலாமே!

காலம் தவறும் பணம்

இனி மூன்றாவது கேள்வி: பணம் எப்பொழுது வருகிறது?

என் நண்பன் ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாலை அரிசிக் கடைகளில் மூட்டை சுமக்கும் தொழிலாளியின் மகன். 800 மீட்டர் ஓட்டத்தில் வல்லவன். கல்லூரிகளுக்கிடையே நடந்த போட்டியில் வென்று வெளியூர்ப் பந்தயத்துக்குத் தேர்வு பெற்றான். எந்தக் கல்லூரி, எந்த ஆண்டு என்பது வேண்டா. பயணப்படி உண்டு என்றார்கள். ஆனால் போய் வந்து, ரசீதுகளை ஒட்டிக் கொடுத்த பிறகே கிடைக்கும் என்றார்கள். கையில் பணமில்லை. ஸ்பைக் ஷூவும் தேய்ந்து போயிருந்தது. பலசரக்குக் கடை அண்ணாச்சி ஒருவரிடம் சென்றோம். அவர் கேட்டது ஒரே கேள்வி:

"பணம் வரும்கிறே, சரி தம்பி. என்னைக்கு வரும்?"

எங்களுக்குப் பதில் தெரியவில்லை. அவர் சிரித்துவிட்டு, "வர்ற தேதி தெரியாத பணத்தை நாங்க வரவுல எழுத மாட்டோம். இது உனக்கு நான் தர்றது, அதை நம்பித் தரலை" என்று 4,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தார்.

நண்பன் ஓடினான், ஆறாவதாக வந்தான். படித்தொகை ஐந்து மாதங் கழித்து வந்தது. அதுவரை அவனுடைய தந்தையார் கடைப் பக்கம் போகும்பொழுதெல்லாம் தலை குனிந்து சென்றார். அண்ணாச்சி ஒருநாளும் கேட்கவில்லை. கேட்காததே அவருக்குப் பாரமாயிற்று. மறு ஆண்டு தேர்வுப் போட்டிக்கு நண்பன் பெயர் கொடுக்கவில்லை. 'படிப்பு இருக்கிறது' என்றான். அவனுடைய நேரம் குறிக்கும் கடிகாரத்தை நான் வைத்திருக்கிறேன். அவன் ஓட்டம் குறையவில்லை என்பது எனக்குத் தெரியும்.

நண்பர்களே, அவனுக்குச் சேர வேண்டிய தொகையில் ஒரு காசும் குறையவில்லை. ஆண்டறிக்கையில் அது செலவாகச் சரியாகவே ஏறியிருக்கும். தணிக்கையாளர் குற்றம் காண முடியாது. ஆனால் ஓட்டக்காரன் ஒருவனை நாம் இழந்தோம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஐந்து மாதத் தாமதம் ஒரு பொருட்டன்று. கூலி வீட்டுப் பிள்ளைக்கு அதுவே தடைச் சுவர். முன்பணமில்லாத விளையாட்டு, தானாகவே பணமுள்ளவர்களின் விளையாட்டாக மாறிவிடும்.

நாம் செய்யத் தக்கவை

முதலாவது, கணக்கைக் கேட்போம். இது பகைமையன்று, உரிமை. 1974-ஆம் ஆண்டுப் பல்கலைக் கழகச் சட்டப்படி செனட் சபையில் மாணவர் பிரதிநிதிகளும் உண்டு. ஆண்டு வரவு செலவுத் திட்டம் அச் சபையின் முன் வருகிறது. விளையாட்டு என்ற தலைப்பில் எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவாயிற்று, படித்தொகை எத்தனை நாளில் வழங்கப்பட்டது என்று அவர்கள் மூலம் கேட்கலாம். 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் இருக்கிறது. விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். பதில் தரக் கெடு 30 நாள். கேள்வியைப் பணிவாகவும் தெளிவாகவும் எழுதத் தெரிந்தால் போதும்.

இரண்டாவது, நம் தமிழ்ச் சங்கத்தில் ஒரு சுழல் நிதி ஏற்படுத்துவோம். நூறு பேர் ஆளுக்கு 200 ரூபாய் ஒரே முறை கொடுத்தால் 20,000 ரூபாய் சேரும். தேர்வு பெற்ற வீரர் ஒருவருக்கு 4,000 ரூபாய் வீதம் ஒரே சமயத்தில் ஐவருக்கு முன்பணம் கொடுக்கலாம். படித்தொகை வந்ததும் அவர்கள் திருப்பித் தருவர். ஐந்து மாதத்தில் திரும்பினால் ஆண்டுக்கு இரண்டு சுற்று. பத்துப் பேருக்கு உதவும். ஒரே மாதத்தில் திரும்பினால், விளையாட்டுப் பருவமாகிய ஐந்து மாதங்களிலேயே இருபத்தைந்து பேருக்கு உதவும். முதல் அதேதான், சுழலும் வேகம் மட்டும் வேறு. ஆகவே நிதி திரட்டுவதும், படித்தொகையை விரைவில் வழங்குமாறு வேண்டுவதும் ஒன்றோடொன்று சேர்ந்தே நடக்க வேண்டும்.

இப் பல்கலைக் கழகத்தில் தமிழ்த் துறை அமைய வள்ளல் அழகப்பச் செட்டியார் நன்கொடை வழங்கியதை நாம் பெருமையோடு நினைக்கிறோம். அத்தகைய பெரும் வள்ளல் ஒருவருக்காக நாம் காத்திருக்க வேண்டியதில்லை. இது சிறு தொகை. நம் கையாலேயே ஆகும். இந்நிதி தமிழ் மாணவருக்கு மட்டும் என்று வரையறுக்கவும் வேண்டா. சாலைக் கடைகளில் மலையாளிக்கும் தமிழனுக்கும் ஒரே பேரேட்டில்தான் பற்று எழுதுகிறார்கள்.

மூன்றாவது, நாம் திடலுக்குப் போவோம். வாரத்தில் ஒரு மாலை, சங்கத்தின் சார்பில், மாணவரும் மாணவியரும் ஆளுக்கொரு ஆட்டம். வெல்ல வேண்டுமென்பதில்லை. ஆளில்லாத திடலுக்கு எவரும் பணம் ஒதுக்கமாட்டார்கள். ஆள் நிறைந்த திடலை எவரும் எளிதில் குத்தகைக்கு விடவும் மாட்டார்கள்.

சங்கத்தின் அடுத்த பொதுக் கூட்டத்தில் சுழல் நிதிக்கான தீர்மானத்தை நான் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். முதல் முன்பணத்தை எவருக்கு அளிக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவன் இன்னும் ஓடக் கூடியவன். அடுத்த தேர்வுப் போட்டிக்குப் பெயர் கொடுக்க இன்னும் நாள் இருக்கிறது.